முகத்துக்கு சால்மன் ஊசி போடலாமா? கல்யாணத்துக்கு 2 மாதம்தான் இருக்கிறது

மல்லி41: வணக்கம். படிக்கிற காலத்தில் வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழிகளை விட்டுப் போய்விட்டன, இப்போது தோலும் வறண்டு களையே இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு 2 மாதம் இருக்கிறது. வழக்கமாகப் போகும் பார்லரில், சால்மன் டிஎன்ஏ ஊசி போட்டால் 3 நாளில் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் பிரியும் தெளிந்த நீரை முகத்தில் போடும் பிஆர்பி ஊசியும் அங்கேயே போடுவார்களாம். வீட்டில் அவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

நர்ஸ்_கோவை: தோல் கிளினிக்கில் 6 வருடமாக இருக்கிறேன். 3 நாள் என்று சொல்கிறார்களே, அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே போகாதீர்கள். சால்மன் மீனின் விந்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த டிஎன்ஏ துண்டுகள்தான் அந்த மருந்து, கொரியாவில் ரெஜுரான் என்ற பெயரில் பிரபலமானது. ஃபில்லர் மாதிரி உடனே பள்ளத்தை நிரப்பாது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை நம் தோலையே உண்டாக்கத் தூண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 2 முதல் 4 வார இடைவெளியில் 3 தடவையாவது போடுவார்கள். போட்ட அன்று ஊசி இறங்கிய இடமெல்லாம் கொசு கடித்த மாதிரி தடித்திருக்கும், ஓரிரு நாளில் அமுங்கிவிடும். அப்புறம், மீன் சாப்பிட்டால் உங்களுக்கு அரிப்பு, தடிப்பு வருமா? எங்கள் கிளினிக்கில் முதல் கேள்வியே அதுதான்.

செல்வி_திருச்சி: எனக்கும் இதே குழிகள்தான் மல்லி. பிஆர்பி 4 தடவை போட்டேன். கையில் ரத்தம் எடுத்துச் சுழற்றினால் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும், என் பெயர் எழுதிய குழாயைக் கண்ணெதிரே காட்டித்தான் போட்டார்கள். தோல் மிருதுவானது உண்மை, குழி மட்டும் அப்படியே இருந்தது. அடியில் நார் இழுத்துப் பிடித்திருக்கிறது, அதை அறுத்துவிடாமல் மேலே என்ன போட்டாலும் எழும்பாது என்று டாக்டர் சொல்லி சப்சிஷன், அதாவது ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுப்பது, செய்த பிறகுதான் மேடேறியது. வெயிலில் அலைந்ததில் நடுவில் கருமை வேறு படிந்துவிட்டது. சன்ஸ்கிரீனை விடவே விடாதீர்கள், நம் நிறத்துக்கு அது ரொம்ப முக்கியம்.

ரவி_பெங்களூரு: பார்லரில் ரத்தம் எடுக்கவே விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் பிஆர்பி செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது, 2024இல் அந்த நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி அறிக்கையே வெளியிட்டது. பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையல் மேடையில் கிடந்தனவாம், ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடும் இருந்தனவாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. ஊசி என்றால் தோல் டாக்டர்தான், மருந்துக் குப்பியின் மூடியும் உங்கள் முன்னால்தான் திறக்க வேண்டும்.

மல்லி41: அந்த ஃப்ரிட்ஜ் விஷயத்தைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. மீன் எனக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும். பார்லரில் 2000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், நாளைக்குப் போய்த் திருப்பிக் கேட்கிறேன். செல்வி, சப்சிஷன் செய்தால் எத்தனை நாள் வெளியே தலைகாட்ட முடியாது?

நர்ஸ்_கோவை: இறாலையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செல்வி_திருச்சி: எனக்கு ஒரு வாரம் கன்னம் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தது. குழி மேடேற 3 மாதத்துக்கு மேல் ஆனது. கல்யாணம் முடியட்டும், அதற்கப்புறம் ஆரம்பியுங்கள் மல்லி.