பிரிட்டனில் ரெஜிஸ்ட்ரார் யார், கவர்னர் யார்?

பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பெட்டியோடு நீங்கள் கொண்டுவந்த பதவிப் பெயர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் நம்பி மாட்டிக்கொண்டவன்.

மகள் பிறந்த மறுநாள் வார்டுக்கு வந்த ஒரு பெண், தான் ரெஜிஸ்ட்ரார் என்றார். எனக்கு நினைவில் வந்தது நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகம். பிறப்புச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டேன். அவரோ என் மனைவியின் தையலைப் பார்க்க வந்த மருத்துவர்! இங்கே மருத்துவமனை ரெஜிஸ்ட்ரார் என்றால் சிறப்புத் துறையில் பயிற்சி பெற்றுவரும் மருத்துவர். அவருக்கு மேலே இருப்பவர் கன்சல்டன்ட். ஆலோசனை சொல்லிவிட்டுப் போகிறவர் என்று நினைக்காதீர்கள், சிகிச்சையின் முழுப் பொறுப்பும் அவருடையது. அறுவை சிகிச்சை நிபுணரின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லாமல் 'மிஸ்டர்' என்று இருந்தால் போலி மருத்துவரோ என்று பதற வேண்டாம். இந்த ஊர் மரபு அது. 'சிஸ்டர்' என்பதும் எல்லா நர்ஸுக்கும் பொருந்தாது, வார்டுப் பொறுப்பில் இருக்கும் மூத்த நர்ஸின் பதவிப் பெயர் அது.

நான் தேடிய ரெஜிஸ்ட்ரார் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருந்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தை பிறந்த 42 நாட்களுக்குள் அவரிடம் பதிய வேண்டும். ஸ்காட்லாந்தில் 21 நாட்கள்தான்.

வேலையிடத்தில் லைன் மேனேஜரை, அதாவது உங்கள் நேரடி மேலதிகாரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். விடுப்பு, உடம்பு சரியில்லை என்ற தகவல் எல்லாம் முதலில் அவருக்குத்தான். 'சார்' வேண்டாம், பெயர் சொல்லியே அழைக்கலாம். எனக்கு நாக்கு பழக ஓராண்டு ஆனது. சிறு நிறுவனத்தில் டைரக்டர் என்றால் பெரும்பாலும் அரசுப் பதிவேட்டில் பெயர் உள்ள, சட்டப்படி பொறுப்பேற்கும் ஆள். பெரிய முதலீட்டு வங்கியிலோ அது ஒரு படிநிலை மட்டுமே. அங்கே வைஸ் பிரசிடென்ட் என்பவரும் துணைத் தலைவர் அல்லர், அடுத்தடுத்த மேசைகளில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது மட்டும் பட்டத்தை அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கவர்னர் என்று கேட்டதும் ராஜ்பவன் நினைவுக்கு வரும். இங்கே அவர்கள் சம்பளம் வாங்காமல் பள்ளி நிர்வாகத்தைக் கண்காணிப்பவர்கள். தலைமையாசிரியரையே கேள்வி கேட்கலாம். அவர்களில் பெற்றோர் பிரதிநிதிகளும் உண்டு, நீங்களும் தேர்தலில் நிற்கலாம். நான் நின்றேன், தோற்றேன். வென்றவர் எதிர்வீட்டுப் பஸ் ஓட்டுநர்.