மைனஸ் ஓட்டு எண்ணிக்கையை எல்லாருக்கும் காட்டலாமா, மறைத்துவிடலாமா?

வாசல்காரன்:
நண்பர்களோடு சேர்ந்து ஒரு கேள்வி-பதில் தளம் நடத்துகிறேன், பெரும்பாலும் மென்பொருள் சந்தேகங்கள்தான். இப்போதைக்கு ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் பிளஸ் எத்தனை, மைனஸ் எத்தனை என்று தனித்தனியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் மைனஸ் விழுந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள், அதனால் மறைத்துவிடலாம் என்கிறார் கூட்டாளி ஒருவர். யூடியூபே 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்துவிட்டது, நமக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு மனசு வரவில்லை, ஆனால் ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இரவுப்பறவை:
மறைக்காதீர்கள். எதையாவது சரிசெய்வது எப்படி என்று யூடியூபில் தேடினால், முன்பெல்லாம் டிஸ்லைக்கைப் பார்த்ததுமே இது தேறாது என்று அடுத்ததுக்குப் போய்விடலாம், இப்போது முழுசாகப் பார்த்து, அப்புறம் கருத்துகளைத் துழாவி, அதிலும் பாதியை வீடியோ போட்டவரே அழித்திருப்பார். சின்ன சேனல்கள் மேல் கும்பலாகப் பாய்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். அது நடக்கிறதுதான். ஆனால் அதற்கு முன்பு டிஸ்லைக்கில் சாதனை படைத்தது அவர்களே தயாரித்த 2018 ரீவைண்ட் (அந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கும்) வீடியோ என்பதால் எனக்கு அந்தக் காரணத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீமே இந்த முடிவை வெளிப்படையாகக் கண்டித்தார்.

கூட்டிக்கழி:
பிளஸிலிருந்து மைனஸைக் கழித்த நிகர எண் மட்டும் போதும் என்று யாராவது சொல்வார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள். 3 பிளஸ், மைனஸே இல்லை என்றால் நிகரம் 3. 40 பிளஸ், 37 மைனஸ் என்றாலும் அதே 3. முதலாவது யாரும் சரியாகப் பார்க்காத பதில், இரண்டாவது பாதிப் பேருக்கு வேலை செய்து மீதிப் பேருக்குச் சொதப்பிய பதில், அதை நகலெடுத்து ஓட்டுவதற்கு முன் எனக்கு அது தெரிந்தாக வேண்டும். ரெடிட் என்ற விவாதத் தளம் 2014-இல் இந்தப் பிரிப்பை எடுத்துவிட்டது, ஆனால் அங்கே காட்டிய எண்களே போலி ஓட்டுப் போடுபவர்களைக் குழப்புவதற்காக வேண்டுமென்றே மாற்றிக் காட்டியவை, எடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. நீங்கள் காட்டுவது நிஜ எண்தானே?

ஓரமாய்நிற்பவள்:
அந்தக் கூட்டாளியை நானும் கொஞ்சம் ஆதரிக்கிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. செய்தித் தளங்கள் நான்கின் கருத்துப் பகுதிகளை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. மைனஸ் வாங்கியவர்கள் ஓடிப்போகவில்லை, முன்பைவிட அதிகமாக எழுதினார்கள், அதுவும் முன்பைவிட மோசமாக, போதாக்குறைக்கு மற்றவர்களுக்கும் மைனஸைக் குத்தினார்கள். கிளம்பிப் போக அதிக வாய்ப்பு இருந்தது யாருமே கண்டுகொள்ளாதவர்களுக்குத்தான். உங்கள் புதியவர்கள் போவது மைனஸாலா, பதில் வராததாலா என்று முதலில் பாருங்கள். மைனஸ் வாங்குபவரைத் திருத்தும் என்று எதிர்பார்க்கவே கூடாது, அது படிக்க வருகிறவருக்கான தகவல், அவ்வளவுதான். தகவலாக இருக்க வேண்டுமென்றால் பதில் சரியா தப்பா என்று சோதிக்க முடிய வேண்டும். எந்த நிரல்மொழி சிறந்தது மாதிரி அடிதடிகளில் அது வெறும் கோஷ்டிக் கணக்கு, அங்கே மைனஸ் பொத்தானே எதற்கு?

கூட்டிக்கழி:
சரியான பாயின்ட். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளத்தில் ஒரு பதிலுக்கு மைனஸ் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி குறையும், போடுபவருக்கும் 1 குறையும். கைக்காசு போகும் என்றால் கடுப்பில் குத்துவது கொஞ்சம் அடங்கும், அதையும் வைத்துப் பாருங்கள்.

வாசல்காரன்:
பதில் வராத கேள்விகளை இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், மானம் போகிறது. தொழில்நுட்பப் பதில்களில் இரண்டு எண்ணும் அப்படியே இருக்கட்டும், விவாதப் பகுதியில் மைனஸைத் தூக்கிவிடுகிறேன். புள்ளி குறைப்பதைப் பற்றிக் கூட்டாளியிடம் பேச வேண்டும், அதிகமாக மைனஸ் போடுவதே அவர்தான்.