ஸ்லாட் மிஷின் எவ்ளோ திருப்பித் தருதுன்னு கேசினோல ஏன் எழுதி ஒட்ட மாட்டேங்குறாங்க?

காசிமேட்டு வஞ்சிரம்

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் நாங்க அஞ்சு பேரு கோவா போனோம், பனாஜில மாண்டோவி ஆத்துல நிக்குற கேசினோ கப்பல் ஒண்ணுல ஏறினோம். பசங்க சீட்டு டேபிளுக்குப் போய்ட்டானுங்க, எனக்கு சீட்டு வராது, அதனால ஸ்லாட்ல, அதான் துட்டு போட்டு பட்டன அமுக்குனா படம் சுத்தி நிக்குற மிஷின்ல, உக்காந்தேன். ஒரு அமுக்குக்கு 20 ரூபா, நைட்டு பதினோரு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் ஆடி 9,000 போச்சு. துட்டு போனதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லல. நடுவுல அங்க நின்ன பையன கூப்ட்டு, இதுல நூறு ரூபா போட்டா சராசரியா எவ்ளோ திரும்பி வரும்னு கேட்டேன், "அதெல்லாம் கம்ப்யூட்டர் சார், லக்"னுட்டு போய்ட்டான். மிஷின்ல ஹெல்ப் பட்டன அமுக்கி ஒவ்வொரு பக்கமா பாத்தேன், எந்தப் படம் வந்தா எவ்ளோன்னு இருக்கு, சதவீதம் மட்டும் இல்ல.

எங்க வீட்ல ஆயா காலத்துலேர்ந்து மீன் யாவாரம். எங்க எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வாங்கணும், இல்லன்னா முத்திரை ஆய்வாளர் வந்தா கேஸு. கால் கிலோ சங்கரா விக்கிற எனக்கே இந்த சட்டம் இருக்கும்போது ராத்திரி பூரா துட்டு வாங்குற மிஷினுக்கு ஏன் ஒண்ணும் ஒட்டல? வேற நாட்லயும் இப்டித்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயபுரம் கப்பல்காரன்

தம்பி, நான் ஏழு வருஷமா பயணிகள் கப்பல்ல ஸ்லாட் டெக்னீஷியன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

நாட்டுக்கு நாடு வேற. பிரிட்டன்ல திருப்பித் தர்ற சதவீதத்தையோ ஜெயிக்கிற வாய்ப்பையோ மிஷின்லயே காட்டணும்னு விதி. அமெரிக்கால நெவாடால 75 சதவீதத்துக்குக் கீழ மிஷின் வெக்கக் கூடாது, நியூஜெர்சில 83. நெவாடால மாசாமாசம் ரிப்போர்ட் வரும், ஆனா அது ஏரியா வாரியா, மிஷின் எடுக்குற காசு மதிப்பு வாரியா மொத்தக் கணக்கு, எந்தக் கேசினோ எந்த மிஷின்னு இருக்காது. நியூஜெர்சில கேசினோ வாரியா வரும். அங்கயும் நீ உக்காந்திருக்குற மிஷின் எவ்ளோன்னு தெரியாது.

இதுல முக்கியமானது இன்னான்னா, ஒரே கேம், ஒரே படம், ஒரே பாட்டு, ஆனா கம்பெனிக்காரன் நாலஞ்சு சதவீதத்துல விப்பான், கேசினோ தனக்கு வேண்டியத எடுத்துக்கும். அந்த கணக்குத் தாளுக்கு பார் ஷீட்னு பேரு, வெளிய தர மாட்டாங்க. கனடால ஒன்டாரியோல வாட்டர்லூ யுனிவர்சிட்டி ஆளுங்க தகவல் உரிமை சட்டத்துல மனு போட்டு தான் வாங்குனாங்க. அதுல ஒரே கேமுக்கு ஒரு வெர்ஷன்ல 85, இன்னொரு வெர்ஷன்ல 98ன்னு இருந்துச்சு. வெளிய நின்னு பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

நீ ஜெயிக்கும்போது மேல எவனோ பட்டன் அமுக்கி கொறைக்கிறான்னு நெனைக்காத. மிஷின் கதவ தொறந்தா உள்ள தனியா பூட்டுன ஒரு பொட்டி, கேம ஓட்டுற கம்ப்யூட்டர் போர்டு அதுக்குள்ள இருக்கும், மேல நம்பர் போட்ட சீல் டேப். நான் ஒருத்தனா தொட முடியாது, பக்கத்துல இன்னொருத்தர் நின்னு நம்பர எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஆனா இவ்ளோ சீலும் கேசினோவுக்கும் கம்பெனிக்கும் நடுவுல தான், ஆடுறவன் கண்ணுக்கு ஒண்ணும் வராது. எனக்கு ஆறாதது அது தான்.

வியாசர்பாடி கணக்கு வாத்தி

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். 92 சதவீதம்னா 5,000 எடுத்துட்டுப் போனா 4,600 கையில நிக்கும்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, அது ஒவ்வொரு அமுக்குக்கும். வந்தத திரும்பப் போடுறீங்க இல்ல, அது 4,232 ஆவும், அப்புறம் 3,893, இப்படி மொத்தப் பணமும் பத்து சுத்து சுத்துனா சராசரியா 2,172 தான் மிஞ்சும். உங்க கணக்கையே எடுங்க, நிமிஷத்துக்கு பத்து அமுக்குன்னா நாலு மணி நேரத்துல 48,000 ரூபா சுத்தியிருக்கு. 92ஆ இருந்தா சராசரி நஷ்டம் 3,840, 85ஆ இருந்தா 7,200. உங்களுக்கு 9,000 போனத வெச்சு மிஷின் 85ன்னு சொல்லவும் முடியாது, ஒரு ராத்திரில ஏத்த எறக்கம் அவ்ளோ இருக்கும், சதவீதம் புடிபட லட்சக்கணக்குல அமுக்கணும்.

கண்ணும் உதவாது. தாயக்கட்டைல நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியுது. ஸ்லாட்ல உருளை சுத்துறது வெறும் படம், உள்ள கம்ப்யூட்டர் எடுக்குற நம்பர் தான் முடிவு, 1984லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கியாச்சு. பெரிய பரிசு படத்துக்கு ஒரு நம்பர் குடுத்துட்டு அதுக்கு மேல கீழ இருக்குற வெத்து எடத்துக்கு நெறைய நம்பர் குடுக்கலாம். அதனால பரிசு படம் அடிக்கடி கோட்டுக்கு மேலயோ கீழயோ வந்து நிக்கும், ஜஸ்ட்டு மிஸ்ஸு ஜஸ்ட்டு மிஸ்ஸுன்னு தோணிட்டே இருக்கும்.

தண்டையார்பேட்டை அக்கா

சதவீதம் ஒட்டுனா மட்டும் போதும்னு நெனைக்காதீங்க தம்பி. என் தம்பி போன்ல ஒரு ஸ்லாட் ஆப்ல ஆடிட்டிருந்தான், அதுல 97 சதவீதம்னு பெருசா தான் போட்டிருந்துச்சு. யாரு சோதிச்சான், எந்த ஊரு லைசென்ஸ், ஒண்ணும் கெடையாது. எங்க அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக்குப் போன அப்புறம் தான் எங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டம் வந்து பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் கேமையெல்லாம் தடை பண்ணாங்க, எங்களுக்கு அது லேட்டு. முத்திரை இல்லாத நம்பர நம்பாதீங்க.

காசிமேட்டு வஞ்சிரம்

அக்கா, மனசு கஷ்டமா ஆய்டுச்சு, தம்பிய கூடவே இருந்து பாத்துக்கோங்க.

வாத்தியார் சொன்னதுல தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. எங்க கிட்ட மீன் வாங்குற அம்மா சந்தேகம் வந்தா நேரா பக்கத்து கடைக்குப் போய் எடை போட்டுப் பாக்கும், 50 கிராம் கொறஞ்சாலும் பைய எம்மேல வுட்டெறியும். மிஷின்ல உக்காந்தவன் எங்க போய் எடை போடுவான்? தானா சோதிக்க வழியே இல்லாத ஒண்ணுக்கு தான மொதல்ல எழுதி ஒட்டணும்?

நான் ஆடுன மிஷின் பேரு போன்ல போட்டோவா இருக்கு. எந்த சதவீதத்துல ஓடுதுன்னு கேட்டு நேத்து அந்தக் கேசினோவுக்கு மெயில் போட்டேன். பதில் வந்தா அப்டியே இங்க போடுறேன். கப்பல்காரண்ணே, வேற இன்னா கேக்கணும்னு சொல்லுங்க, அடுத்த மெயில்ல சேக்குறேன்.