மண்ணெண்ணெய் குடித்த மைனருக்குப் பொனற்றுக்குள் மூன்று தரம் பெயின்ற்

மைனர்காரன், கிளிநொச்சி

பழைய காரின் பொனற்றுக்குள் என்ன பெயின்ற் அடிப்பது என்று போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார். மூன்று தரம் அடித்து இரண்டு தரம் சுரண்டியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

கார் 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 1098 சிசி. தொண்ணூறுகளில் அப்பா மல்லாவிக்கும் கிளிநொச்சிக்கும் ஹயர் ஓடியது. பெற்றோல் தடை இருந்த காலம். சோடாப் போத்தல் மூடியால் கார்புரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார், சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். ஏ9 வீதி திறந்திருந்த 2004இல் வவுனியாவில் மாமா வீட்டு மாமரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார். அதனால் மிஞ்சியது. இங்கேயே நின்றிருந்தால் 2009இல் எங்கே கிடந்திருக்கும் என்று வன்னி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிச்சம் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அந்த ஒயில் புகையாகவும் கசிவாகவும் வெளியே வரும். எங்கள் காரின் உள் மட்காட்டிலும் பற்றரித் தட்டைச் சுற்றியும் நகக்கன அளவுக்குக் கறுப்புப் பொருக்கு. கத்தியால் தட்டினால் பனங்கட்டி மாதிரி உடைந்து விழுந்தது.

முதல் தரம் செய்தது சுத்த முட்டாள்தனம். எஞ்சின் சுடும்தானே, சூடு தாங்கும் பெயின்ற்தான் வேண்டும் என்று நினைத்து, 600 பாகை என்று எழுதியிருந்த கறுப்பு ஸ்பிறே ரின்களை வாங்கி நானே அடித்தேன். இரண்டு கிழமை பார்க்க நல்ல வடிவு. பிறகு ஒருநாள் கார்புரேற்றர் நிரம்பி வழிந்தது. பெற்றோலைச் சீலையால் துடைத்தேன். சீலையில் கறுப்பு, மட்காட்டில் வெறும் தகரம்.

மாங்குளத்தில் ஒரு வயதான ஸ்பிறே பெயின்ரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உது சைலன்சருக்கு அடிக்கிற சாமான். இருநூறு பாகைக்கு மேல வெந்தால்தான் ஒழுங்கா இறுகும். உங்கட மட்காட் எந்தக் காலத்தில இருநூறு பாகை கண்டது?"

சரிதான். றேடியேற்றர் கொதித்தாலே நூறு பாகைக்குக் கிட்டத்தான். மட்காட் தகரம் அதைவிடக் குறையத்தான் சுடும். பொனற்றுக்குள் பெயின்றைத் தின்பது பெற்றோல், ஒயில், பற்றரி அசிற், பிறேக் ஒயில். நான் சூட்டுக்குப் பயந்து மற்ற எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து விட்டிருக்கிறேன்.

இரண்டாம் தரம் என்சி பெயின்ற், அதுதான் தின்னர் பறந்தே காயும் நைற்றோசெலுலோஸ் சாமான். அதையும் கார்த்திகை மழைக்குள் அடித்தேன், யார் சொல்லியும் கேட்கவில்லை. தின்னர் வேகமாகக் காயும்போது தகரம் குளிரும், ஈரக் காற்று அதில் படியும், பெயின்ற் பால் பூத்ததுபோல் வெளுத்துவிடும். போதாக்குறைக்கு ஆங்காங்கே மீன்கண் மாதிரிக் குழிகள். பெற்றோலால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று நம்பியிருந்தேன். மடிப்புகளுக்குள் அப்பா காலத்து ஒயில் அப்படியே இருந்தது.

மூன்றாம் தரம், மாசிப் பனி முடிந்த பிறகு, அந்தப் பெரியவர் சொன்னபடி. பொருக்கை முதலில் மண்ணெண்ணெயால்தான் ஊறவைத்துக் கழற்றினோம் (அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்). பிறகு சுடுதண்ணியும் சவர்க்காரத் தூளும். பற்றரித் தட்டில் அப்பச்சோடா கரைத்து ஊற்ற, நுரை தள்ளியது. அவ்வளவு அசிற். நுரை நிற்கும்வரை ஊற்றிக் கழுவி, ஓட்டை விழுந்த தகரத்தை வெட்டி ஒட்டினோம். பிறகு தகரம் தெரியும்வரை எமரித் தாளால் தேய்த்தோம். கடைசியில் தின்னர்ச் சீலை. பெரியவர் போத்தலில் தண்ணீர் எடுத்து விசிறினார். தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நின்றால் சுத்தம், வாழையிலையில் உருளுவதுபோல் முத்து முத்தாகத் திரண்டால் ஒயில் இன்னும் இருக்கிறது. நாலு தரம் முத்துத் திரண்டது. ஐந்தாம் தரம்தான் அடிப்பூச்சான பிறைமர் ரின்னைத் திறக்க விட்டார்.

வெறும் தகரத்துக்கு எப்பொக்சி பிறைமர், அதன்மேல் டூகே பெயின்ற், அதாவது ஹாட்னர் என்ற இறுக்கும் மருந்தைக் கலந்து அடிக்கும் இரண்டு ரின் சாமான். நிறத்துக்குப் பெரிய வாக்குவாதம். கறுப்பு அடித்தால் ஊத்தை தெரியாது என்பது தம்பியின் கட்சி. ஆனால் மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பொனற்றுக்குள்ளும் காரின் நிறம்தான். உட்சுவரில் இருக்கும் தகட்டைக் கழற்றினோம். அதன் பின்னால் ஒரு தீப்பெட்டி அளவுக்கு, அறுபது வருடம் வெயில் படாத நீலச் சாம்பல். ஸ்மோக் கிறே. அதை வைத்துத்தான் கலந்தது. எஞ்சினுக்கு மட்டும் அதன் பழைய பச்சை.

மூன்று வருடமாகிறது. பெற்றோல் வழிந்தது, ஒயில் சிந்தியது. சீலையில் ஒன்றும் ஒட்டவில்லை.

கராஜ்காரன், புதுக்குடியிருப்பு

அண்ணை எழுதியது சரி, ஒன்றை விட்டுவிட்டார். டூகே அடிக்கும்போது முகத்துக்கு என்ன கட்டினீர்கள்? எங்கள் பக்கம் பெடியள் துவாயைக் கட்டிக்கொண்டு அடிக்கிறாங்கள். அந்த ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. மணத்தை வைத்து அளவு பிடிக்க முடியாது, நெஞ்சுக்குள் போய் நிரந்தர இழுப்பைக் கொண்டு வரும். கடதாசி மாஸ்க் காணாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் மாஸ்க் உள்ளவரிடம் கொடுத்து அடிப்பியுங்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

இன்னொன்று. மைனருக்கு பிறேக் ஒயில் நிற்கும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, அதனால் அண்ணை தப்பினார். நான் செய்தது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ60. அதில் பொனற்றுக்குள் இருக்கிறது. எனாமல் அடித்துக் கொடுத்த காருக்கு பிறேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது என் பெடியன் பிறேக் ஒயிலைச் சிந்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அவன் வந்து பார்க்கும்போது பெயின்ற் கிழவன் தோல் மாதிரிச் சுருங்கிப்போய்க் கிடந்தது. டூகேயும் நெடுநேரம் தாங்காது. சிந்தினால் துடைக்கவேண்டாம், வாளித் தண்ணியை ஊற்றுங்கள். பிறேக் ஒயில் தண்ணியில் கரைந்து போகும்.

ஓமந்தையான்

எல்லாரிடமும் கொம்பிறெசர் இல்லை. நான் அடித்தது தூரிகையால், சாதாரண எண்ணெய் எனாமல். ஒரு மாதம் காயவிட்டேன். ஒயில் தாங்குகிறது. பெற்றோல் சிந்தினால் கொஞ்சம் மினுக்கம் போகும், உடனே துடைத்தால் பிரச்சினை இல்லை. கோடு தெரியுதுதான். கிட்டவந்து குனிந்து பார்க்கிறவனுக்குத்தானே தெரியும்.

ஏற்கெனவே இருக்கிற பெயின்ற் என்ன சாதி என்று அறிய, தின்னர் நனைத்த சீலையை அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். நிறம் கரைந்து வந்தால் என்சி. டூகே அசையாது. என்சிக்கு மேலே டூகே அடித்து, கீழே உள்ளது கிளம்பிச் சுருங்கியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மைனர்காரன், கிளிநொச்சி

மாஸ்க் விடயம் சரி, பெரியவரிடம் குழாய் மாஸ்க் இருந்தது. எழுத மறந்துவிட்டேன்.

இன்னொரு கூத்தையும் சொல்லாமல் விட்டேன், வெட்கத்தில். எல்லாம் பூட்டி முதல்நாள் ஸ்ரார்ட் பண்ணுகிறேன், 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தரம் பண்ணினேன். சோக் கேபிளில் இருந்து புகை! கையை வைத்தால் கொதிக்கிறது. விசயம் இதுதான்: பழைய மைனரில் பற்றரியின் பொசிற்றிவ்தான் காரின் உடம்புக்குப் போகும். எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள ஏர்த் பட்டியை நான் புதுப் பெயின்றுக்கு மேலே வடிவாக இறுக்கியிருக்கிறேன். கரண்ட் எஞ்சினுக்குப் போக வேறு வழியில்லாமல், உடம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் சோக் கேபிளைப் பிடித்துவிட்டது. போல்ட் இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் குத்தியளவு சுரண்டி, தகரத்தோடு இறுக்கி, சுற்றி கிறீஸ் பூசினேன். ஒரே அடியில் ஸ்ரார்ட். அந்தக் கிழமையே முறிகண்டிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்தோம்.

மிச்சம் இருப்பது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்சோஸ்ற் மனிபோல்ட் மட்டும். அதற்கு அந்தப் பழைய 600 பாகை ரின்னில் அரைவாசி இன்னும் இருக்கிறது.