மறுமொழி: லட்சுமி அம்மா படத்திறப்புக்கு ஆளுக்கு 5000

குவைத் தம்பிக்கும் குழுவில் உள்ள சொந்தங்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் படிப்பகத்தில் நடிகை எஸ்.என். லட்சுமி அம்மாவின் படத்தைத் திறக்க ஆளுக்கு 5000 கேட்டிருக்கிறீர்கள், பணம் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் படிப்பகக் கூரைக்கு வாங்கிய பணத்துக்கே இன்னும் கணக்கு வந்தபாடில்லை. போன மாதம் ஊருக்குப் போன என் மச்சினன் போட்டோ அனுப்பியிருக்கிறான், புத்தக அலமாரி மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது, பின்சுவர் முழுக்க ஈரம். அந்தச் சுவரிலா படத்தை மாட்டப் போகிறீர்கள்? ஐப்பசி மழைக்குத் தாங்காது. வரவு செலவை முதலில் இங்கே போடுங்கள். பொருளாளருக்குக் கோபம் வந்தால் வரட்டும், கிணற்று விவகாரத்திலிருந்தே அவர் என்னிடம் பேசுவதில்லை.

அப்புறம் அந்தப் படத்திறப்பு நோட்டீஸ். 'புகழ்பெற்ற கதாநாயகி எஸ்.என். லட்சுமி' என்று எழுதிய புண்ணியவான் யார்? அவர் பேர் வாங்கியது அம்மா வேஷத்திலும் பாட்டி வேஷத்திலும்தான். என்.எஸ். கிருஷ்ணன் நாடகக் குழுவில் இருந்து வந்தவர். 1964இல் சர்வர் சுந்தரத்தில் நாகேஷுக்கு அம்மா. நாகேஷ் பிறந்தது 1933, இவர் 1927. ஆறு வயது மூத்த அம்மா! அதற்கு முன்பே, 1960இல் வந்த பாக்தாத் திருடனில் டூப் போடாமல் சிறுத்தையோடு சண்டை போட்டவர், இதை நோட்டீசில் ஒரு வரி போடத் தோன்றவில்லையா? மைக்கேல் மதன காம ராஜனில் கையில் கிடைத்ததைச் சுருட்டும் பாட்டி, மகாநதியில் மாமியார், விருமாண்டியில் மறுபடி பாட்டி. 2004இல் வந்த விருமாண்டிக்கு அவருக்கு 77 வயது இருக்கும். கடைசிக் காலத்தில் டிவி சீரியலிலும் நடித்தார். 2012 பிப்ரவரியில் இறந்தார்.

சிங்கப்பூர் மாமா, குணச்சித்திர நடிகை என்று போட்டால் ஊருக்குப் பெருமை குறையும் என்கிறீர்கள். பேருக்கு முன்னால் இருக்கும் 'எஸ்' நம் சென்னல்குடி, மாமா. அத்தனை வருஷமும் டைட்டில் கார்டில் நம் ஊரைச் சுமந்தவருக்கு நாம் பொய்ப் பட்டம் கட்டவேண்டிய அவசியம் என்ன? பெருமை பெருமை என்று இப்போது சொல்கிறீர்களே, அவர் உயிரோடு இருந்தபோது பொங்கல் விழாவுக்கு அழைக்கலாம் என்று நான் சொன்னேன். 'கிழவி வேஷக்காரியைப் பார்க்க யார் வருவா' என்று கேட்டவர்கள் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், பேர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். அந்த வருஷம் சென்னையிலிருந்து யாரையோ காரில் கூட்டிவந்து, பாதி நேரம் மைக் வேலை செய்யாமல், வந்தவர் பந்தியில் உட்காராமலே கிளம்பிப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்குக் கார் வாடகை கொடுத்தது எங்கள் அப்பா. அதுவும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூரைக் கணக்கு வந்த அன்றே என் 5000 வரும். நோட்டீசைத் திருத்தி அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு முறை இங்கே போடுங்கள். பழைய ரசீதுப் புத்தகம் கீழத்தெரு அண்ணாச்சி வீட்டுப் பரணில் இருப்பதாகக் கேள்வி, தம்பி இந்த முறை லீவில் போகும்போது அதை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்பட்டும்.