மழைக்கும் பன்றிக்கும் நடுவில் ஒன்றரை ஏக்கர் கடலைக்காய்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம், காட்டை ஒட்டிய மானாவாரி நிலம் எங்களுடையது. ஆடிப் பதினெட்டு கழித்து விதைத்த டிஎம்வி 7 கடலைக்காய், 100 நாள் தாண்டிவிட்டது. நேற்று நான்கு செடி பிடுங்கி உடைத்துப் பார்த்தேன். பாதிக் காய்களில் ஓட்டின் உட்புறம் கறுத்துவிட்டது. மீதி இன்னும் வெள்ளை, அதாவது முற்றவில்லை. இன்னும் ஐந்தாறு நாள் விடலாம் என்கிறார் அப்பா. ஆனால் ஐப்பசி அடைமழை விடுவதாக இல்லை. இந்த ரகத்துக்கு விதை உறக்கம், அதாவது முற்றிய பின் கொஞ்ச நாள் முளைக்காமல் இருக்கும் தன்மை, கிடையாது. முற்றிய காய் ஈரத்தில் கிடந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

இதற்கிடையில் காட்டுப்பன்றி. இரண்டு இரவில் வடக்கு வரப்போரம் ஏர் ஓட்டியது போல் கிளறிப் போட்டுவிட்டது. சுற்றிலும் பழைய சேலை கட்டினோம். முதல் நாள் தயங்கியது, மறுநாள் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கும் மின்வேலி பேச்சே வேண்டாம். சட்டப்படி குற்றம், ஆளையும் கொல்லும்.

பிடுங்கிப் போட்டால் பகலில் மயில் கொத்தும். அதை விரட்டுவது அம்மாவின் வேலை, தகரத் தட்டோடு.

எனக்குத் தெரிய வேண்டியவை: இப்போதே பிடுங்கலாமா? வெயில் இல்லாத நாளில் பூஞ்சாணம் பிடிக்காமல் காயை எப்படி உலர்த்துகிறீர்கள்? பன்றிக்கு விளக்கோ ஒலிக்கருவியோ வைத்தவர்கள், அது எத்தனை நாள் பலித்தது என்று உள்ளபடி எழுதுங்கள். கடலை ஆய ஆள் வெள்ளிக்கிழமைதான் வருகிறார்கள். அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.