முதல் கேரவன்: பழைய டிராவலரை மாற்றுவதா, ரெடியாக நிற்பதை வாங்குவதா?

காவேரிப்பட்டணத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். உரக்கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஆறு மாதமாக மாந்தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். வயது 61. இனிமேலாவது ஊர் சுற்றலாம் என்றால் வீட்டம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போச்சு, சர்க்கரையும் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போயாக வேண்டும்.

போன வருஷம் டூரிஸ்ட் பஸ்ஸில் காசிக்குப் போனோம். இங்கே ஏறினதிலிருந்து அவள் தண்ணீரே குடிக்கவில்லை. ஐதராபாத் தாண்டி ஒரு இடத்தில் இறக்கினார்கள். கீழே உட்காருகிற டாய்லெட், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உட்கார்ந்தால் அவளால் எழ முடியாது. பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறார். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தவள், "இனி என்னை எங்கேயும் கூப்பிடாதீங்க" என்றாள். நாக்பூர் வரை வேறு பேச்சில்லை.

அப்போதுதான் கட்டில், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன் யோசனை வந்தது. நம் ஊர் வாசலில் போகிற 44-ஆம் நம்பர் ரோடு ஒரு கோடி கன்னியாகுமரி, மறு கோடி ஸ்ரீநகர். ஏறினால் போய்க்கொண்டே இருக்கலாம். நானே ஓட்டுவேன், கார் ஓட்டுகிற எல்எம்வி லைசென்ஸ் இருக்கிறது.

இதுவரை இரண்டு வண்டி பார்த்தேன்.

ஒன்று, ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த டெம்போ டிராவலர். 2016 மாடல், மஞ்சள் போர்டு, ஐந்தரை லட்சம் சொல்கிறார்கள். வாங்கி சீட்டைக் கழற்றிவிட்டு, நமக்குத் தெரிந்த ஆசாரியை வைத்துக் கட்டில், அலமாரி, சின்ன கிச்சன், டாய்லெட் எல்லாம் போடலாம் என்று நினைப்பு.

இரண்டாவது, பெங்களூரில் ஒருவர் செய்து வைத்திருக்கும் ரெடி வண்டி. 28 லட்சம். ஏசி, பெரிய டிவி, கூரையில் கலர் கலராக லைட்டு. நான் கட்டிலில் படுத்துப் பார்த்தேன், பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டாய்லெட் கதவு உள்பக்கம் திறக்கிறது. கதவைச் சாத்த வேண்டும் என்றால் கம்மோடுக்கும் கதவுக்கும் நடுவில் ஒடுங்கி நின்று, பிறகு உட்கார வேண்டும். எனக்கே முட்டி இடித்தது. விற்கிறவர் "பழகிடும் சார்" என்றார்.

என் கையில் 15 லட்சம் இருக்கிறது. கொஞ்சம் கூடினாலும் மகனிடம் கேட்கலாம், ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து போய்வர வசதி இருந்தால் போதும். எதை வாங்கலாம்?

---

ஓசூர் பாடிகட்டி:

சார், 20 வருஷமாக பஸ், வேன் பாடி வேலை செய்கிறேன். ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைக் கையில் எடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. கேரவனுக்கென்று தனியாக ஏஐஎஸ் 124 என்ற தரம் இருக்கிறது. அதன்படி அப்ரூவல் வாங்கிய டிசைனில் கட்டுகிற இடத்தில் கட்டினால், ஆர்.சி.யில் வண்டி வகை கேரவன் என்று ஏறும். நீங்கள் பார்த்த 28 லட்சம் வண்டியின் ஆர்.சி.யில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டீர்களா? அதிலும் "12 சீட்டர்" என்றே இருந்தால் அந்தக் கலர் லைட்டுக்குத்தான் காசு. நாளைக்குத் தொப்பூர் மலை இறக்கத்தில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் ஆர்.சி.யைத்தான் பிரிப்பார்.

ஓசூர் வண்டி மஞ்சள் போர்டு என்கிறீர்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் வெள்ளை போர்டுக்கு மாற்ற வேண்டும். பெர்மிட்டை ஒப்படைப்பது, வரி வித்தியாசம், லோன் ஏதாவது பாக்கி இருந்தால் அதன் என்ஓசி, எல்லாம் விற்பவர் பெயரில் இருக்கும்போதே பேசி முடியுங்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அலையாதீர்கள்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோ மொத்த எடை வரை எல்எம்வி போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மஞ்சள் போர்டுக்கும் சேர்த்தே அதைத் தெளிவாக்கிவிட்டது.

அப்புறம் எடை. எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் இது. தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூப்ளர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். வீட்டு அலமாரிக்குப் போடுகிற 18 எம்.எம். பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல். வீட்டு வேலை செய்கிற ஆசாரி எட்டு ஷீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். நீங்கள் மண்டிக்கு மாங்காய் ஏற்றிப் போகிற ஆள்தானே, எடைமேடை உங்களுக்குப் புதிதில்லை. எந்தக் கேரவன் வாங்கினாலும் டீசல், தண்ணீர் முழுக்க நிரப்பி மேடையில் ஏற்றுங்கள். முழு வண்டியை ஒரு தடவை, பின் சக்கரத்தை மட்டும் மேடையில் விட்டு இன்னொரு தடவை. எடைச்சீட்டில் வருவதை ஆர்.சி.யில் அனுமதித்திருக்கும் எடையோடு வைத்துப் பாருங்கள். இடைவெளி 200 கிலோகூட இல்லை என்றால், நீங்கள் இரண்டு பேர் ஏறி அரிசி மூட்டை வைத்ததும் முடிந்துவிட்டது.

---

சும்மா சொல்றேன்:

15 லட்சத்தை ராத்திரிக்கு 2,000 ரூபாய் லாட்ஜுக்கு வகுத்தால் 750 ராத்திரி வருகிறது. அதுவும் மெயின்டெனன்ஸ் இல்லாமல். யோசியுங்கள்.

---

காவேரிப்பட்டணத்தான்:

கணக்கு சரிதான் தம்பி. லாட்ஜுக்கும் லாட்ஜுக்கும் நடுவில் இருக்கிற 400 கிலோமீட்டர்தான் என் பிரச்சினை.

---

வத்தல்மலை அடிவாரம்:

அண்ணா, தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு வருஷமாகச் சின்னக் கேரவன் வைத்திருக்கிறோம். அண்ணியை நினைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்று. ஓடுகிற வண்டியில் எழுந்து டாய்லெட் போவது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு பிரேக் போட்டால் முழங்கால் வலி இடுப்பெலும்பில் போய் முடியும். வண்டி ஓடும்போது எல்லோரும் முன்பக்கம் பார்த்த சீட்டில், பெல்ட் போட்டு உட்கார வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு வருவதும் கூடாது, பக்கவாட்டு சோபாவும் கூடாது. பெல்ட் உள்ள இரண்டு நல்ல சீட் இருக்கிறதா என்று பாருங்கள், டிவி எத்தனை இன்ச் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எங்கள் வண்டி வந்த முதல் மாதம், தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, இவர் பிரேக்கை மிதித்தார். மேல் அலமாரியின் காந்தப் பூட்டு திறந்து இட்லிப் பானை என் தோளில் வந்து விழுந்தது. காந்தம் ரோட்டுக்கு உதவாது. அழுத்தித் திறக்கிற பட்டன் பூட்டு போடச் சொல்லுங்கள்.

டாய்லெட்டுக்கு வருகிறேன். கேசட் டாய்லெட் என்று வருகிறது. அடியில் 20 லிட்டர் அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். நிறைந்ததும் வெளியிலிருந்து கதவைத் திறந்து சூட்கேஸ் மாதிரி இழுத்துக்கொண்டு போய் ஒரு கக்கூஸில் ஊற்றிக் கழுவிவிடலாம். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும். பெரிய டேங்க் வைத்தால் அதைக் காலி செய்ய இடம் தேட வேண்டும். கேரளாவில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே கொண்டுவந்தார்கள், அதற்கான பார்க்கிங் இடங்கள் அங்கே உண்டு. வடக்கே போகிற வழியில் அதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். யார் ஊற்றுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அவர்தான். அந்த நிபந்தனையில்தான் நான் ஏறினேன்.

இன்னொரு விஷயம் தோன்றுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது கேரவனா, கக்கூஸா? கேசட்டையே தனிப்பெட்டியாக, போர்ட்டபிள் டாய்லெட் என்று விற்கிறார்கள். எந்த வேனிலும் பின்னால் வைத்து ஒரு திரை கட்டினால் வேலை முடிந்தது. வண்டியை அறுக்க வேண்டாம், ஆர்.சி.யைத் தொட வேண்டாம். ராத்திரிக்கு லாட்ஜ். அதுவே போதும் என்று அண்ணி சொன்னால் பத்து லட்சம் மிச்சம்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு வண்டியை இரண்டு ராத்திரி வாடகைக்கு எடுங்கள். முதல் ராத்திரி உங்கள் தோப்பிலேயே நிறுத்தித் தூங்குங்கள். எதிலாவது குறை தெரிந்தால் வீடு பத்தடியில் இருக்கிறது. மறுநாள் ஒகேனக்கல் பக்கம் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் பங்க் கூரை, ரயில்வே கீழ்ப்பாலம், புளியமரக் கிளை மூன்றுக்கும் வண்டி உயரத்தை மனப்பாடமாக வைத்திருங்கள்.

பழைய வண்டி என்றால் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோய், கூரை மேல் பத்து நிமிஷம் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே உட்காருங்கள். ஒழுகினால் அங்கேயே தெரிந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே பிளைவுட்டை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கக் கூடாது.

---

ஒயர்மேன் அரூர்:

ஏசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் டியூப்ளர் பேட்டரி ஒன்று பேப்பரில் 1,800 வாட் அவர். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போகும், ஆகவே கையில் 900. ஒரு டன் ஏசி ஓடுகிறபோது ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும். ஒரு மணி நேரம்கூட வராது. லித்தியம் 200 ஆம்பியர் அவர் போட்டால் இரண்டு இரண்டரை மணி. கூரையில் 400 வாட் சோலார் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் வரும், அதாவது இன்னொரு ஒன்றரை மணி நேர ஏசி. விடிய விடிய ஏசி வேண்டும் என்றால் ஜெனரேட்டர், இல்லை பிளக் கொடுக்கிற இடம். சினிமாக் கேரவன்களில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

12 வோல்ட் ஃபேன் 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு ஃபேன், கொசுவலை போட்ட ஜன்னல், கூரையில் ஒரு எக்ஸாஸ்ட். அதே டியூப்ளரில் ராத்திரி முழுக்க ஓடும்.

கேஸ் வைத்தால் 5 கிலோ சிலிண்டர் போதும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கிற ஓட்டை கட்டாயம்.

---

காவேரிப்பட்டணத்தான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது.

தங்கச்சி சொன்னபடி ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தோம். முதல் ராத்திரி தோப்பில். பெங்களூரா மாமரத்தடியில் நிறுத்தியது என் புத்தி. பதினொரு மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு இரண்டு, கூரை மேல் டம் டம் என்று விழுந்துகொண்டே இருந்தது. இவள் சிரித்துச் சிரித்துத் தூங்கவே இல்லை. ஏசி ஒயர்மேன் சொன்ன மாதிரியே பன்னிரண்டு மணிக்குக் கண்ணை மூடிவிட்டது. ஃபேனில்தான் விடிந்தது.

டாய்லெட் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. சறுக்குக் கதவு, கைப்பிடி இருந்தது. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றில் மாட்டினோம். வாசல்படி. இன்ச் டேப் வைத்துப் பார்த்தேன், தரையிலிருந்து முதல் படி 17 அங்குலம். பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது, சரி, வண்டிக்குள் அவள் எப்படி ஏறுவாள்? தோப்பில் மாங்காய்க் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏற்றினேன். ஒகேனக்கலுக்குக் கிரேட்டை எடுத்துப் போக மறந்து, பென்னாகரம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினபோது கடைக்காரரின் மர பெஞ்சைக் கடன் வாங்கி ஏற்றினோம்.

போர்ட்டபிள் டாய்லெட்டும் லாட்ஜும் போதுமா என்று அவளிடமே கேட்டேன். "லாட்ஜ்லயும் மாடிப்படிதானே ஏறச் சொல்லுவான். இதுலயே படுத்துக்கறேன்" என்றாள்.

28 லட்சம் வண்டியின் ஆர்.சி. நகலைக் கேட்டேன். அனுப்புகிறேன் என்றவர் போனை எடுப்பதில்லை. அதை விட்டுவிட்டேன். ஓசூர் டிராவலருக்கு லோன் என்ஓசி வரவில்லை, அதையும் விட்டாச்சு. இப்போது அப்ரூவல் உள்ள ஒரு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். நடுத்தர நீள வேன், ஒரே கட்டில், பெல்ட்டோடு முன்பக்கம் பார்த்த இரண்டு சீட், கேசட் டாய்லெட், 60 லிட்டர் தண்ணீர். டிவி, ஏசி, கலர் லைட்டு கிடையாது. வண்டியோடு சேர்த்து 19 சொல்கிறார்கள். மகனிடம் கேட்டுவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் சரி என்றது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

பாடிகட்டி சாருக்கு ஒரு கேள்வி. அவர்கள் கரண்டில் நீளும் படி போட்டுத் தருகிறோம், 40 ஆயிரம் என்கிறார்கள். மண் ரோட்டில், சேற்றில் அது எத்தனை நாள் வேலை செய்யும்? இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெல்டிங் பட்டறையில் கேட்டேன், வழுக்காத செக்கர் பிளேட் தகட்டில் மடக்குகிற இரண்டு படி, கையால் இறக்குகிற மாதிரி, செய்துவிடலாம் என்கிறார். படி எட்டு எட்டரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

---

ஓசூர் பாடிகட்டி:

கையால் இறக்குகிறதே போடுங்கள். மோட்டார் படியில் மண் புகுந்தால் பாதியில் நின்றுவிடும், அப்போது மறுபடியும் டீக்கடை பெஞ்சுதான். ஆனால் பட்டறைக்காரரைச் சேசிஸில் நேராக வெல்டிங் வைக்க விடாதீர்கள். பிராக்கெட் செய்து போல்ட் அடிக்கச் சொல்லுங்கள், அதையும் வண்டி கட்டுகிறவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு. மடக்கினால் பாடியை விட்டு வெளியே துருத்தக் கூடாது. படி மடங்காமல் வண்டியை எடுத்தால் உங்களுக்குத் தெரிகிற மாதிரி டேஷ்போர்டில் ஒரு சிவப்பு பல்பு, அது அரூர்க்காரர் வேலை.